கணினியும் பலகைக் கணினியும்

பழைய வகுப்பறையில் இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்று சுவரில் நின்ற கரும்பலகை. மற்றொன்று மாணவன் கையிலிருந்த சிலேட்டு. கரும்பலகையில் எழுதப்பட்டது எல்லாருக்கும் பொது. சிலேட்டில் எழுதப்பட்டதோ அவனுக்கும் அவன் ஆசிரியருக்கும் மட்டுமே உரியது. ஆசிரியர் அதனை வாங்கிப் பார்த்துத் திருத்திக் கொடுப்பார்; பிழை எத்தகையதாயினும் வகுப்பு அதனை அறியாது. எது பொதுவில் நிற்க வேண்டும், எது கையளவில் இருக்க வேண்டும் என்னும் வேறுபாட்டை அவ்விரு பலகைகளும் சொல்லாமலே காத்துவந்தன.

இன்று கரும்பலகையின் இடத்தைக் கணினியும் அதனோடு இணைந்த படவீழ்த்தியும் பெற்று வருகின்றன. சிலேட்டின் இடத்துக்கு, டேப்லெட் என மக்கள் வழங்கும் பலகைக் கணினி வந்துள்ளது. இவ்விரண்டையும் இணைத்து, ஒன்றை மற்றொன்றுக்குத் திரையாகவோ எழுதும் பரப்பாகவோ ஆக்கலாம் என்பதை ஆசிரியர் பலர் அறிவர். ஆயினும், அவ்வாறு இணைக்கும்பொழுது எது பொதுவாகிறது, எது தனியாக நிற்கிறது என்பதைத் தெளிந்து செய்வோர் சிலரே. தெளியாமல் இணைத்தால், ஆசிரியர் தமக்கென விரித்த மதிப்பெண் பட்டியல் வகுப்பு முழுவதற்கும் காட்சியாகிவிடும். கடைசி இடத்திலுள்ள குழந்தையின் பெயர் சுவரில் பெரிய எழுத்தில் தோன்றியபின், அதனை எந்த விசையை அழுத்தியும் அழிக்க இயலாது. ஆதலின், இவ்விணைப்பின் இயல்பை அறிவது ஆசிரியர்க்கு இன்றியமையாதது.

இரண்டு வினாக்கள்

இணைப்பு முறைகள் பலவாயினும், அவற்றைப் பிரித்தறிய இரண்டு வினாக்கள் போதும். திரையில் தெரியும் படம் எந்தக் கருவியினுடையது? கை செய்யும் வேலை எந்தக் கருவிக்குச் செல்கிறது?

முதல் வகை, பலகைக் கணினியைத் திரையாக்குவது. இங்கே படம் முழுவதும் கணினியினுடையது. பலகைக் கணினி தன் கண்ணாடியை மட்டும் இரவலாகத் தருகிறது. இதிலும் இரு பிரிவுகள் உண்டு. கணினித் திரையில் உள்ளதே பலகையிலும் அப்படியே தெரிவது இரட்டிப்பு. கணினித் திரையின் தொடர்ச்சியாகப் பலகையின் திரை நின்று, அங்கே வேறொன்றைக் காட்டுவது நீட்சி. மேசைக்குப் பக்கத்தில் மற்றொரு மேசையை ஒட்டிப்போட்டு இடத்தைப் பெருக்கிக்கொள்வது போன்றது நீட்சி. முகம்பார்க்கும் கண்ணாடியை எதிரில் வைப்பது போன்றது இரட்டிப்பு.

இரண்டாம் வகை, பொது உள்ளீடு. இங்கே கணினிக்குத் தன் படம், பலகைக்குத் தன் படம். இரண்டும் தனித்தனியே இயங்குகின்றன. பொதுவாக இருப்பவை விசைப்பலகையும், மௌஸ் எனப்படும் சுட்டியுமே. ஒரே விசைப்பலகையைக்கொண்டு முதலில் கணினியிலும், பின்னர்ப் பலகையிலும் எழுதலாம். ஒரு வீட்டுப் பணியாள் அடுத்த வீட்டுக்கும் சென்று வேலை செய்வதனால் இரு வீடுகளும் ஒன்றாகிவிடா, அதுபோன்றதே இதுவும்.

மூன்றாம் வகை, பலகையை எழுதுபலகையாக்குவது. அதன்மீது எழுதுகோலால் எழுதியது கணினியின் திரையில் அல்லது படவீழ்த்தியின் வழியே சுவரில் தோன்றும். இங்கேயும் முதல் வினாவைக் கேட்டாக வேண்டும். எழுத்தை வரைவது கணினியா, பலகையா? இதன் விடையைப் பொறுத்தே எழுத்து உடனே தோன்றுவதும், தயங்கித் தோன்றுவதும் அமையும். அதன் காரணம் பின்னர் விளக்கப்படும்.

தோற்றமும் வளர்ச்சியும்

கணினியின் அருகே ஒரு பலகையை வைத்து எழுதும் எண்ணம் புதியதன்று. 1963 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்டு என்பவர், ஒளி உணரும் எழுதுகோலால் கணினித் திரையின்மேலேயே கோடு வரையும் ஸ்கெட்ச்பேட் என்னும் முறையை உருவாக்கினார். நிமிர்ந்து நிற்கும் திரையில் நெடுநேரம் கையைத் தூக்கி எழுதுவது களைப்பைத் தருவது. கரும்பலகையில் எழுதிப் பழகியோர்க்கு இதனைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டாகிய 1964 இல், கலிபோர்னியாவிலுள்ள ரேண்டு ஆய்வு நிறுவனம் வேறொரு வழியைக் கண்டது. எழுதும் பரப்பைத் திரையிலிருந்து பிரித்து மேசைமேல் கிடத்தியது. ஏறத்தாழ 10 அங்குலச் சதுரமான அப்பலகையில் 1 மில்லியனுக்கு மேற்பட்ட இடங்களை எழுதுகோலின் முனைகொண்டு பிரித்தறிய முடிந்தது. கை மேசையில் எழுத, கண் எதிரிலிருந்த திரையைப் பார்த்தது. இன்று கணினியோடு இணைத்துப் பயன்படுத்தும் எழுதுபலகைகளுக்கு இதுவே முன்னோடி எனலாம். 1983 இல் ஜப்பானில் தொடங்கப்பெற்ற வாக்கம் நிறுவனம், மின்கலம் வேண்டாத எழுதுகோலைக்கொண்ட பலகைகளால் இத்துறையில் பெயர்பெற்றது.

பொது உள்ளீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1968 டிசம்பர் 9 ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட்டு என்னும் அறிஞர், சுட்டியைப் பெருங்கூட்டத்தின்முன் இயக்கிக் காட்டினார். அந்நிகழ்ச்சியிலேயே, தொலைவிலிருந்த மற்றொருவரும் தாமும் ஒரே திரையில் கூடிப் பணிபுரிவதையும் காட்டினார். ஒரு சுட்டியையும் ஒரு விசைப்பலகையையும் பல கணினிகளுக்குப் பொதுவாக்கும் சினர்ஜி என்னும் மென்பொருள் 2001 இல் தோன்றியது. விண்டோஸ் கணினிகளுக்காக மைக்ரோசாப்டு நிறுவனம் 2011 இல் மௌஸ் வித்தவுட் பார்டர்ஸ் என்பதனை வெளியிட்டது. அம்மென்பொருள் 2023 இல் அந்நிறுவனத்தின் பவர்டாய்ஸ் என்னும் இலவசத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது.

ஐபேட் 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே அதனைக் கணினிக்கு இரண்டாம் திரையாக்கும் செயலிகளும் வந்துவிட்டன. அவை கம்பியில்லா வழியில் இயங்கியமையால் படம் தடுமாறியது. 2014 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த டூயட் டிஸ்பிளே, மின்னூட்டம் செய்யும் கேபிளின் வழியாகவே படத்தை அனுப்பி அத்தடுமாற்றத்தைக் குறைத்தது. பின்னர் ஆப்பிள் நிறுவனமே 2019 இல் சைட்கார் என்னும் வசதியைத் தன் கணினிகளில் அமைத்தது. மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் பூட்டப்படும் பக்கவண்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே அது. வண்டியை ஓட்டுவது ஒன்று, உடன் செல்வது மற்றொன்று என்பதைப் பெயரே உணர்த்துகிறது.

படம் செல்லும் வழி

கணினியிலிருந்து பலகைக்குப் படம் எவ்வாறு செல்கிறது? ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். இன்று பெருவழக்காக உள்ள ஒரு திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும், நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 2,073,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். அசைவு இயல்பாகத் தோன்ற ஒரு நொடிக்கு 60 படங்கள் செல்ல வேண்டும். ஆகவே, நொடிக்கு ஏறத்தாழ 3 பில்லியன் பிட்டுகள் ஓட வேண்டும். யூஎஸ்பி 2.0 எனப்படும் கேபிள் வகையின் உச்ச வேகமோ நொடிக்கு 480 மில்லியன் பிட்டுகளே. ஆறு பங்கு நீரை ஒரு பங்கு அகலமுள்ள வாய்க்காலில் விடுவது போன்ற நிலை இது.

ஆதலின், கணினி படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. முந்தைய படத்துக்கும் இப்போதைய படத்துக்கும் இடையே மாறிய பகுதி எது என்று பார்த்து, அதனை மட்டும் பெரும்பாலும் அனுப்புகிறது. ஒரு பாடப்பக்கம் அசையாமல் நின்றால் அனுப்ப வேண்டியது மிகச் சிறிதே. ஒரு திரைப்படம் ஓடினால் எல்லாப் புள்ளிகளும் மாறிக்கொண்டிருக்கும். அனுப்ப வேண்டியதும் பெருகும். எழுத்தும் படமும் கொண்ட பாடத்தைப் பலகையில் வைத்துக்கொண்டு, காணொளியைக் கணினியின் சொந்தத் திரையிலேயே ஓட்டுவது நல்லது என்பது இதனால் விளங்கும்.

சுருக்குவதற்குச் சிறிது நேரம், அனுப்புவதற்குச் சிறிது நேரம், பலகை அதனை விரித்துக் காட்டுவதற்குச் சிறிது நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே திரையில் காணும் தயக்கம். படிப்பதற்கு அத்தயக்கம் தடையன்று. எழுதும்பொழுதுதான் அது துன்பம் தரும். பலகைமேல் எழுதுகோல் நகர்கிறது; அந்நகர்வு கணினிக்குச் செல்கிறது; கணினி கோட்டை வரைகிறது; வரைந்த படம் மீண்டும் பலகைக்கு வருகிறது. கடிதம் எழுதி மறுமொழிக்குக் காத்திருப்பது போன்று, ஒவ்வொரு கோட்டுக்கும் போக்கும் வரவும் நிகழ்கின்றன.

இதற்கு மாறாக, பலகையிலுள்ள செயலியிலேயே எழுதி, பலகையின் படத்தைக் கணினிக்கு அனுப்பினால், கோட்டை வரைவது பலகையே. ஆசிரியர் கைக்கு எழுத்து உடனே தோன்றும். சுவரில் சற்றுப் பிந்தித் தோன்றினாலும் மாணவர்க்கு அது தெரியாது. எழுதிக் காட்டும் பாடத்துக்கு இம்முறையே சிறந்தது. முன்னர்க் கேட்ட வினாவின் விடை இதுவே.

இன்றுள்ள முறைகள்

ஆசிரியர் கையிலுள்ள கருவிகளுக்கேற்ப வழிகள் வேறுபடும்.

ஆப்பிள் கணினியும் ஐபேடும் வைத்திருப்போர்க்கு, வேறு மென்பொருள் வேண்டா. சைட்கார் வசதி, கம்பியின்றி 10 மீட்டர் எல்லைக்குள்ளும், கேபிள் வழியாகவும் இயங்கும். இரு கருவிகளும் ஒரே ஆப்பிள் கணக்கில் இருத்தல் வேண்டும். பள்ளிக் கணினி பள்ளியின் கணக்கிலும், ஐபேடு ஆசிரியரின் சொந்தக் கணக்கிலும் இருந்தால் இணைப்பு நிகழாது. கருவி பழுதென்று எண்ணி வருந்துவோர் முதலில் இதனைப் பார்த்தல் வேண்டும். ஐபேடின் படத்தைக் கணினிக்கு அனுப்ப விரும்புவோர், 2021 இல் வந்த மான்ட்டரி பதிப்பு முதலான ஆப்பிள் கணினிகளில் ஏர்பிளே என்னும் வழியைப் பயன்படுத்தலாம். கேபிளால் இணைத்து, குயிக்டைம் மென்பொருளிலும் அப்படத்தைக் காணலாம்.

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தெரிவுகள் தோன்றும். கணினித் திரை மட்டும், இரட்டிப்பு, நீட்சி, இரண்டாம் திரை மட்டும் என்பன அவை. ஆசிரியர் மனப்பாடமாக வைத்திருக்கத்தக்க விசைகள் இவை. கம்பியில்லாத் திரையைத் தேட விண்டோஸ் விசையையும் கே விசையையும் அழுத்த வேண்டும். இது மிராகாஸ்ட் என்னும் முறையில் இயங்குகிறது. வைஃபை கூட்டமைப்பு 2012 இல் இதனை அறிமுகப்படுத்தியது. கணினியும் திரையும் இடையிலே வேறொரு கருவியின்றி நேராகப் பேசிக்கொள்வதால், இணையம் இல்லாத இடத்திலும் இது பயன்படும். தோட்டப்புறப் பள்ளிகளில் இதன் அருமை நன்கு தெரியும். சாம்சங் நிறுவனத்தின் சில பலகைக் கணினிகளில், இம்முறையில் இரண்டாம் திரையாக நிற்கும் வசதி முன்னரே அமைந்துள்ளது.

ஐபேடுக்கு மிராகாஸ்ட் தெரியாது. ஆகவே, விண்டோஸ் கணினியோடு ஐபேடை இணைக்க விரும்புவோர் டூயட் டிஸ்பிளே, ஸ்பேஸ்டெஸ்க் போன்ற மென்பொருளை நாடுதல் வேண்டும். கணினியில் ஒரு பகுதியும் பலகையில் ஒரு பகுதியுமாக இவை நிறுவப்படும். ஆண்ட்ராய்டு பலகையின் படத்தைக் கேபிள் வழியாகக் கணினியில் காட்ட, எஸ்சிஆர்சிபிஒய் என்னும் இலவச மென்பொருள் 2018 முதல் உள்ளது. இதனை அமைக்கச் சிறிது பொறுமை வேண்டும். அமைத்தபின் இணையமே வேண்டா.

பள்ளியின் வைஃபையில் இரு கருவிகள் இருந்தும் ஒன்றையொன்று காணாமற் போவதுண்டு. பொது இணைப்புகளில் பாதுகாப்புக் கருதி, கருவிகள் தமக்குள் பேசாதவாறு தடுத்து வைப்பர். அப்பொழுது கேபிளே துணை. கேபிள் இல்லையேல், கைப்பேசியில் சொந்த இணைப்பைத் திறந்து இரு கருவிகளையும் அதில் சேர்க்கலாம்.

ஒரே விசைப்பலகை, இரு கருவிகள்

பொது உள்ளீட்டில் ஆப்பிள் நிறுவனம் 2022 மார்ச்சில் வெளியிட்ட யுனிவர்சல் கண்ட்ரோல் குறிப்பிடத்தக்கது. கணினித் திரையின் ஓரத்துக்குச் சுட்டியைக் கொண்டுசென்று மேலும் தள்ளினால், அது பக்கத்திலுள்ள ஐபேடில் தோன்றும். அங்கே எழுதலாம், ஒரு படத்தை இழுத்துக் கணினியிலும் விடலாம். பார்வைக்குச் சைட்காரைப் போன்றிருப்பினும் இது வேறு. இங்கே ஐபேடு தன் வேலையைத் தானே செய்கிறது. கணினி நின்றுபோனாலும் ஐபேடில் உள்ள பாடம் அப்படியே இருக்கும். சைட்காரிலோ கணினி நின்றால் பலகையில் ஒன்றும் இராது.

பெரும்பொருள் செலவிடாமல் இதே பயனை அடையவும் வழியுண்டு. புளூடூத் விசைப்பலகைகள் சில, மூன்று கருவிகளை நினைவில் வைத்து, ஒரு திருகையோ பொத்தானையோ மாற்றினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். 2014 இல் வந்த லாஜிடெக் கே480 அத்தகையது. பலகையைச் சாய்த்து நிறுத்த ஒரு பள்ளமும் அதில் உண்டு.

தமிழ் எழுதுவோர் இங்கே ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். புளூடூத் விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே அனுப்புகிறது. அது எந்த எழுத்தாக வேண்டும் என்பதைப் பெறும் கருவியே முடிவுசெய்கிறது. தமிழ்நாட்டில் 1999 இல் ஏற்கப்பட்ட தமிழ்99 முறையில் எச் விசை ககரத்தைத் தரும். மலேசியராகிய முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் ஒலிபெயர்ப்பு முறையில் அதே விசை ஹகரத்துக்கு உரியது. கணினியில் ஒரு முறையும் பலகையில் மற்றொரு முறையும் இருந்தால், அதே விரல் அதே விசையை அழுத்த, இரு வேறு எழுத்துகள் தோன்றும். விசைப்பலகையைக் குறைகூறுவதால் பயனில்லை. இரு கருவிகளிலும் ஒரே தமிழ் முறையைத் தெரிவுசெய்துவிட்டால் இத்தொல்லை நீங்கும்.

எழுத்தை எழுதிக் காட்டல்

விசைப்பலகையால் எழுதிய ழகரம் ஒரே கணத்தில் முழு உருவோடு தோன்றிவிடுகிறது. அது எங்கே தொடங்கி, எவ்வழியே வளைந்து, எங்கே முடிகிறது என்பதை மாணவன் காண்பதில்லை. அச்செழுத்தைப் பார்த்து எழுதும் குழந்தை, ணகரத்தை மூன்று துண்டுகளாக வரைந்து ஒட்டவும் கூடும். வடிவம் ஒத்திருக்கும், கை ஓட்டம் வாராது. ஓட்டம் வாராத கை, பின்னர் விரைந்து எழுத வேண்டிய காலத்தில் தளரும்.

கரும்பலகையில் ஆசிரியர் எழுதியபொழுது அவ்வோட்டம் தானே கண்ணில் பதிந்தது. படவீழ்த்தி வந்தபின் பல வகுப்புகளில் அது மறைந்தது. எழுதுகோலுடன் பலகைக் கணினியை இணைத்தால் அதனை மீண்டும் பெறலாம். இன்னும் ஒரு நன்மையும் உண்டு. கரும்பலகையில் எழுதுவோர் வகுப்புக்கு முதுகைக் காட்ட வேண்டும். அவர் தோளே எழுத்தை மறைக்கும். பலகையில் எழுதுவோர் மாணவரைப் பார்த்துக்கொண்டே எழுதலாம். பலகையைக் கடைசி வரிசைக்குக் கொண்டுசென்று, எழுந்து வரக் கூசும் ஒரு குழந்தையை இருந்த இடத்திலேயே ஓர் எழுத்தை எழுதச் செய்யலாம். அது எழுதிய எழுத்து சுவரில் தோன்றும்பொழுது அக்குழந்தையின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை ஆசிரியரே அறிவர்.

புள்ளி மறையும் பிழை

தமிழுக்கென உள்ள ஓர் இடர்ப்பாடும் இங்கே குறிக்கத்தக்கது. படத்தைச் சுருக்கி அனுப்பும்பொழுது நுண்ணிய பகுதிகளே முதலில் மங்கும். தமிழெழுத்தில் மிக நுண்ணியது மெய்யின் தலைப்புள்ளி. அது மங்கினால் மெய் உயிர்மெய்யாகத் தோன்றும்; பக்கம் என்னும் சொல் பககம என நிற்கும். வளர்ந்தவர் பொருளால் உணர்ந்து படித்துவிடுவர். புதிதாகப் படிக்கும் குழந்தை கண்ணில் பட்டதையே படிக்கும்.

இதனைத் தவிர்க்க மூன்று வழிகள் உள்ளன. எழுத்தைப் பெரிதாக்குவது முதல் வழி. தடித்த கோடும் தெளிந்த புள்ளியும் உடைய எழுத்துருவைத் தெரிவது இரண்டாவது. வெள்ளைமேல் கறுப்பாக எழுதுவது மூன்றாவது. சுருக்கும் முறைகள் பல, ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கருத்தோடு காத்து, நிற வேறுபாட்டை ஓரளவு விட்டுவிடுகின்றன. அதனால், நீலத்தின்மேல் சிவப்பாக எழுதிய சிற்றெழுத்தின் விளிம்பு கரையும். கறுப்பெழுத்தோ அவ்வளவாகக் கெடாது. பாடத்தைத் தொடங்குமுன் ஆசிரியர் கடைசி வரிசையில் நின்று புள்ளிகள் தெரிகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று.

வகுப்பின்முன் வரக்கூடாதவை

மலேசியாவில் 2020 மார்ச் 18 ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிகள் மூடப்பட்டன. பின்னர் இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் வழக்கமாயிற்று. ஒரே மடிக்கணினியில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் ஓர் இடரைக் கண்டனர். பாடத்தைத் திரை முழுதும் காட்டினால் மாணவர் முகம் மறைந்தது. முகத்தைப் பார்த்தால் பாடம் சுருங்கியது. விளங்காத குழந்தையின் விழிப்பை ஆசிரியர் காணாமலே பாடம் நகர்ந்தது. அந்நிலையில் பலகைக் கணினியை நீட்சித் திரையாக்கியோர், பாடத்தை ஒன்றிலும் முகங்களை மற்றொன்றிலும் வைத்துக்கொள்ள முடிந்தது. சில நூறு ரிங்கிட் செலவிட்டு வேறு திரை வாங்காமலே, வீட்டிலிருந்த கருவி அப்பணியைச் செய்தது.

பள்ளி வகுப்பறையிலோ நிலை வேறு. அங்குப் படவீழ்த்தியே இரண்டாம் திரை. அதனை நீட்சியாக அமைத்தால், சுவரில் பாடமும் மடிக்கணினியில் ஆசிரியரின் குறிப்பும் தனித்தனியே நிற்கும். இதற்குப் பலகைக் கணினி தேவையே இல்லை. ஆயினும் பழக்கத்தால் பலர் இரட்டிப்பிலேயே வைத்திருப்பர். இரட்டிப்பில் தனிமை என்பது இல்லை. மதிப்பெண் பட்டியல், பெற்றோரின் வாட்சாப் செய்தி, ஒரு மாணவனைப் பற்றிய குறிப்பு ஆகிய எல்லாம் சுவருக்குச் செல்லும்.

ஆதலின், இணைக்குமுன் செய்யத்தக்கவை சில உண்டு. எந்தத் திரை வகுப்புக்கு உரியது என்று முடிவுசெய்து, நீட்சியா இரட்டிப்பா என்பதைப் பார்த்தல் வேண்டும். பலகையின் படத்தைச் சுவருக்கு அனுப்புவதாயின், அதில் வரும் அறிவிப்புகளை நிறுத்திவைத்தல் வேண்டும். இணையவழி வகுப்பில் திரை முழுவதையும் பகிராமல், பாடம் உள்ள சாளரத்தை மட்டும் பகிர்தல் வேண்டும். இணைப்பு மென்பொருளை உரிய நிறுவனத்தின் இடத்திலிருந்தே பெறுதல் வேண்டும். அத்தகைய மென்பொருள் திரையில் தோன்றும் அனைத்தையும் காணும் உரிமை பெறுவதால், யாரோ கொடுத்த பிரதியை நிறுவுவது வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதாகும்.

தொடங்குவோர்க்கு

புதிதாகத் தொடங்குவோர் எல்லாவற்றையும் ஒருநாளில் முயலுதல் வேண்டா. முதல் வாரம் நீட்சியையும் இரட்டிப்பையும் மாற்றிமாற்றிப் பார்த்து, வேறுபாட்டைக் கண்ணால் அறியலாம். அடுத்த வாரம் பலகையில் எழுதி அதன் படத்தைக் கணினிக்கு அனுப்பிப் பழகலாம். விசைப்பலகையைப் பொதுவாக்குவதை இறுதியில் வைத்துக்கொள்ளலாம். அது ஆசிரியர்க்கு வசதியே தவிர மாணவர்க்கு நேர்ப்பயன் தருவதன்று. மாணவர் வருமுன் ஐந்து நிமிடம் இணைப்பைச் சரிபார்ப்பதும், இணைப்பு நிகழாத நாளில் தயங்காமல் சுண்ணக்கட்டியை எடுப்பதும் நல்லாசிரியர் இயல்பு.

கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இன்றுள்ள பெயர்கள் பத்தாண்டுக்குப்பின் வழக்கொழியலாம். படம் யாருடையது, கை யாருக்கு உதவுகிறது என்னும் இரு வினாக்கள் மாறா. அவற்றைக் கேட்டுப் பழகிய ஆசிரியர், புதிய கருவி எது வந்தாலும் அதன் இயல்பை விரைவில் உணர்வர். கரும்பலகையில் இருக்க வேண்டியதைக் கரும்பலகையிலும், சிலேட்டில் இருக்க வேண்டியதைச் சிலேட்டிலும் வைத்துக் காத்த பழைய ஒழுங்கு, புதிய பலகைகளிலும் தொடர்தல் வேண்டும். வகுப்பின்முன் தன் எழுத்தைக் கண்டு பெருமைகொள்ளும் குழந்தையும், தன் பிழை வெளிப்படாமல் திருத்தப்பெறும் குழந்தையும் ஒருங்கே வளர்வதற்கு அதுவே வழியாகும்.